ஏழு எலிகளை விழுங்கியவர்

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரை 'பெரியவர்' என்போம். ஆள் குள்ளம்தான், பேச்சுதான் பெரிசு.

நோய் எதிர்ப்பு சக்திதான் அவர் துறை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே சிலருக்கு மூட்டுகளைத் தாக்கி வீங்கவைக்கும். குறிப்பிட்ட ஒருவகை வெள்ளையணுவை ஊசியில் ஏற்றினால் அந்த வீக்கம் வடிந்துவிடும் என்று, முப்பத்தைந்து வயதில் எலிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதை வைத்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். மனைவி தும்மினால்கூட எதிர்ப்பு சக்தி பற்றி அரைமணி நேரம் பேசுவார்.

"முதல்ல கைக்குட்டையை எடுங்க" என்பாராம் அந்த அம்மாள்.

பிறகு வேறு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வந்து சேர்ந்தார். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், யார் வாய்க்கும் பயப்படாதவர். அதே சோதனையை மூன்று முறை செய்தார். மூன்று முறையும் ஊசி போட்ட எலிகளுக்கு வீக்கம் கூடி, பாதிக்கு மேல் செத்தன.

"உங்க கை சரியில்லம்மா" என்றார் பெரியவர்.

"கை நல்லாத்தான் சார் இருக்கு. எலிதான் சாகுது."

அந்தப் பெண், எலிக் கூண்டுகளைக் கவனிக்கும் அக்காவிடம் போய்ப் பெரியவரின் பழைய சோதனையைப் பற்றிக் கேட்டார்.

"அப்பவும் செத்துச்சே! ஊசி போட்ட பன்னெண்டுல ஏழு. நான்தான அள்ளிப் போட்டேன்?" என்றபடி அக்கா பழைய பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். ஏழு சாவும் தேதியோடு இருந்தன. கட்டுரையிலோ பிழைத்த ஐந்து எலிகள் மட்டும்தான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதிவேட்டைப் பெரியவர் முன்னால் விரித்து வைத்தார் அந்தப் பெண்.

"இந்த ஏழும் எங்க சார் போச்சு?"

"செத்ததை எப்படிம்மா சேர்க்கறது? அதுங்க சோதனையை முடிக்கவே இல்லையே!" பரீட்சைக்கு மட்டம் போட்ட பிள்ளைகளைச் சொல்வது போலச் சொன்னார். அறையில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெரியவர் விலகினார். முதுகெலும்பு இருந்தால்தானே வலிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண், செத்த எலிகளிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கினார். வீக்கத்தைக் கிளப்பிவிடுவதே அந்த வெள்ளையணுதான் என்று நான்கு வருஷத்தில் நிரூபித்தார். அத்தனை பெரிய கண்டுபிடிப்பு கையில் கிடைத்தும், குப்பைத்தொட்டியில் போட்டிருக்கிறார் மகானுபாவர். புதிய கட்டுரையில் அக்கா பெயரும் அச்சானது.

போன மாதம் பெரியவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"அந்த அணு முக்கியம்னு முதமுதல்ல சொன்னது யாருய்யா?" என்றார்.

"நீங்கதான் சார்."

மனுஷனுக்குக் கிண்டல்கூடப் புரியவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.