நாம மூணு பேரு வர்றோம்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு வருத்தமில்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷமாக இருட்டுக் குழிக்குள் இறங்கி, தலைக்கு மேலே பெட்டி தொங்க, கம்பிக்குக் கிரீஸ் தடவுகிறவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கிற ரகம். அந்த வாயால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், என் வீட்டு ஹாலில் நடந்தது.

எல்லாம் ஒரு சுற்றுலாவில் ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவிக்கு ஒரே பாட்டுதான். ஐரோப்பாவில் ஒரு பழைய ஊர். ஆறு, அதன் மேல் கல் பாலம், மணிக்கூண்டு, வண்டி நுழையாத சந்துகள். எங்கேயோ ஒரு காலண்டரில் பார்த்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டாள். கூரியர் ஆபீஸ் கவுண்டரில் நின்று ஊர் உலகத்துக்கெல்லாம் பார்சல் அனுப்புகிறவள், தான் மட்டும் எங்கேயும் போனதில்லை. "பார்சலுக்கு இருக்கற கொடுப்பினைகூட எனக்கு இல்ல" என்பாள். இந்த வருஷம் போகலாம் என்று தலையாட்டிவிட்டேன். நான், அவள், எங்கள் ஒரே மகள். எட்டு வருஷம் காத்துக் கிடந்து பிறந்தவள். ஐந்து வயசு. சுண்டெலி என்று கூப்பிடுவோம். அவளுக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

ஹோட்டல் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் மாதிரி ஒரு வீட்டில் தங்கலாம் என்றாள் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனில் தேடினோம். மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடம் கிடைத்தது. மேல் மாடி. உயரமான ஜன்னல்கள், மரத் தரை. புக் செய்தோம். வீட்டுக்காரம்மாவின் மொழி எங்களுக்குத் தெரியாது, எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் எழுதுவதை ஆப்பே தமிழாக்கிக் கொடுத்தது. சாவி எங்கே இருக்கும், குப்பையை எங்கே போட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது. பெண் குரல். செய்தி வாசிக்கிற மாதிரி சுத்தமான தமிழ்.

"வணக்கம். எத்தனை பேர் வருகிறீர்கள்?"

பரவாயில்லையே, ஆப் பேசவும் செய்கிறதே என்று நினைத்தேன். மைக்கை அழுத்தினேன். மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நாம மூணு பேரு வர்றோம்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "'நாங்க'ன்னு சொல்லணும் சாமி. 'நாம'ன்னா அந்தம்மாவையும்ல சேத்துக் கூப்பிடுற மாதிரி?"

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமாக்கும்!"

பதில் உடனே வந்தது. "மிக்க மகிழ்ச்சி. நாம் வருகிறோம்."

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சுண்டெலி சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ போடுப்பா" என்றாள்.

போட்டேன். அப்போதுதான் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. கிர்ர்ர்... டக். எனக்குத் தெரியாத சத்தமா அது? பழங்கால லிஃப்டின் இரும்புக் கிராதிக் கதவு. இப்போதெல்லாம் அந்த மாதிரி யாரும் வைப்பதில்லை. போனதும் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அப்படித்தான் போகும்.

இரண்டு நாள் கழித்து அடுத்த குரல். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. தானாக வந்தது. "நாம் எப்போது வருகிறோம்?" பின்னால் லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து லிஃப்ட் ஒரு மாடியைத் தாண்டும்போது ஒரு 'டக்' கொடுக்கும். ஒரு டக் கேட்டது, செய்தி முடிந்தது. நான் தேதியை எழுதி அனுப்பினேன். வீட்டுக்காரம்மா எழுத்தில் பதில் போட்டார். "தேதி எனக்கு முன்பே தெரியுமே. ஏன் மறுபடி சொல்கிறீர்கள்?" மொழிபெயர்ப்புக் குளறுபடி என்று விட்டுவிட்டேன்.

அடுத்த செய்தியில் இரண்டு டக். கேள்வி அதேதான். ஆனால் குரலில் அந்தச் சுத்தத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வந்தது. கடைசியாக வந்ததில் "நாம எப்ப வர்றோம்?" என்று கேட்டது. எங்கள் வீட்டில் நாங்கள் பேசுகிற மாதிரியே...

மனைவி கேட்டுவிட்டு வெளிறிப்போனாள். "எனக்கு என்னவோ பிடிக்கலங்க."

"பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்தேன். மானத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் உள்ளே உதறல்தான்.

அந்த வாரம் சுண்டெலி தன் சின்னப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள். எல்லாமே இரண்டிரண்டு. இரண்டு சீப்பு. இரண்டு கவுன். இரண்டு பல் பிரஷ்.

"எதுக்குடி எல்லாம் ரெண்டு?"

"நாங்க ரெண்டு பேருல்ல?"

நாங்க. எங்களிடம் பேசும்போது அவள் 'நாம' என்றுதான் சொல்வாள். அப்பா, அம்மா, அவள். இந்த 'நாங்க'வில் நானும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. யார் அந்த இன்னொருத்தர் என்று கேட்டேன். உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். மனைவி துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். நான் சோபாவில் கண்ணயர்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கிர்ர்ர்...

கண்ணைத் திறந்தேன். போனைப் பார்த்தேன். அணைந்து கிடந்தது.

டக்.

சத்தம் வாசல் பக்கமிருந்து வந்தது.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

டக்.

எழுந்திருக்கப் பார்த்தேன். சோபாவின் விளிம்பைப் பிடித்தேன்.

டக்.

நின்றது. இரும்புக் கிராதி மெதுவாக மடங்கித் திறந்தது.

என் வீட்டு வாசலில்.

கதவருகே சுண்டெலி நின்றாள். கையில் பெட்டி. கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே படிக்கட்டைக் காணோம். இருட்டு. பழைய கிரீஸ் வாடை.

"அப்பா, நாங்க போயிட்டு வர்றோம்."

ஒரு கால் வெளியே வைத்துவிட்டாள்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. இருட்டுக்குள் கையை விட்டேன். சட்டை சிக்கியது. இழுத்தேன். கதவை அறைந்து சாத்தினேன். அவளை மார்போடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். அவள் உடம்பு சில்லென்று இருந்தது. பயத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

மனைவி இறங்கி வந்தபோது படிக்கட்டு படிக்கட்டாகவே இருந்தது. பெட்டியை மட்டும் எங்கே தேடியும் காணவில்லை.

அன்றைக்கே எல்லாவற்றையும் ரத்து செய்தேன். விமான டிக்கெட், வீடு, எல்லாம். பத்து வருஷத்துக்கு மேலாக ஆசைப்பட்டவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ஊரு எங்கயும் ஓடிப்போயிடாது. எனக்கு என் புள்ள இருந்தா போதும்" என்றாள். அதன் பிறகு குரல் செய்தி வரவில்லை.

சுண்டெலியும் நன்றாகத்தான் இருந்தாள். அடம் போயிற்று. தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். என்னை நீ, வா, போ என்றே பேசிப் பழகியவள், "வாங்கப்பா", "உக்காருங்கப்பா" என்றாள். "பொண்ணுக்கு மரியாதையெல்லாம் வந்துடுச்சு பாருங்க" என்று மனைவி பூரித்துப்போனாள். நானும்தான் பூரித்தேன். மடையன்.

போன வாரம் வீட்டுக்காரம்மா எழுதியிருந்தார். கூடவே ஓர் ஒலிப்பதிவு.

"தொந்தரவுக்கு மன்னிக்கவும். வீடு காலியாக இருக்கும்போது, சுத்தம் செய்ய வரும் பெண்ணுக்கு ஒரு குழந்தையின் குரல் கேட்கிறதாம். பல வருடங்களாக மூடிக் கிடக்கும் பழைய லிஃப்ட் பக்கமிருந்து. இது உங்கள் மொழி போலத் தெரிகிறது. குழந்தை என்ன சொல்கிறது?"

முன்பு நீங்கள் குரல் செய்திகள் அனுப்பினீர்களே என்று கேட்டேன். ஒன்றுகூட அனுப்பியதில்லை, எழுதியது மட்டும்தான் என்றார்.

சோபாவில் உட்கார்ந்து பதிவைப் போட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு...

"அப்பா... ஏம்ப்பா கதவ சாத்திட்ட? இங்க ஒரே இருட்டா இருக்குப்பா. எப்பப்பா வருவ? அம்மாவையும் கூட்டிட்டு வா..."

என் சுண்டெலி. அழுது அழுது தொண்டை கட்டினால் வருகிற கரகரப்புகூட அதேதான். பெற்றவனுக்குத் தெரியாதா?

தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பினேன். அவள் நின்றிருந்தாள். சிரித்த முகம்.

"அழிச்சிடுங்கப்பா."

நான் அழிக்கவில்லை. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன். மனைவியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. ராத்திரி இங்கே இருக்கிற அந்த இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாளே, அவளிடம் என்னவென்று சொல்வேன்? நாளைக்குக் கிளம்புகிறேன்.

போக ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன். வர இரண்டு.