இடது மூலைக்குப் போன பந்து

போன செவ்வாய்க்கிழமை காலை காட்பாடியில் மெட்ராஸ் வண்டிக்காக நின்றிருந்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் கண்ணப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "சார், நம்ம எபி போய்ட்டாரு சார். நேத்து சாயங்காலம்" என்றார். வண்டி வந்தது, நான் ஏறவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய் ஆம்பூர் வண்டியைப் பிடித்தேன்.

எபினேசரை உங்களில் பலருக்குக் கூடைப்பந்து ஆட்டக்காரராகத் தெரியும். அந்த ஒரு இறுதி ஆட்டத்தை வைத்து அவரை ஏசியவர்களும் இதைப் படிப்பீர்கள். நன்றாகப் படியுங்கள். உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. மாவட்டக் கோப்பை நான் ஆடிய கல்லூரிக்கென்றே எழுதி வைத்தது போல வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது. டேனரி ஆட்கள் குழு சேர்த்து இறுதி ஆட்டம் வரை வந்தது அதுதான் முதல் தடவை. எபி கேப்டன், பஷீர் அவருக்கு ஜோடி. வேலையிலும் அவர்கள் ஜோடிதான். தோல் ஊறிச் சுழலும் பெரிய டிரம்மிலிருந்து ஈரத் தோலை எபி இழுத்துக் கொடுப்பார், பஷீர் வாங்கி அடுக்குவார். பக்கத்து டிரம்கள் சுற்றும் இரைச்சலில் பேச்சுக்கு வழியில்லை. பஷீர் "தோஸ்த்!" என்று ஒரே ஒரு குரல் கொடுப்பார், எபி முகத்தைத் திருப்பாமலே தோலை நீட்டுவார். மைதானத்திலும் அதே பழக்கம். இடது மூலையிலிருந்து "தோஸ்த்!" வரும், பார்க்காமலே பந்து போகும். "கூப்ட்டவனுக்குக் குடுக்கணும். அவ்ளோதான் ஆட்டம்" என்பார் எபி. எங்கள் கல்லூரியோடு அவர்கள் ஆடும் பயிற்சி ஆட்டங்களில் பஷீரைத் தடுப்பது என் வேலை. அந்தக் குரல் கேட்டாலே என் கால் மூலைக்கு ஓடும்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின வாரம், பள்ளிகொண்டா பக்கம் லாரி மோதி பஷீர் இறந்துபோனார்.

ஆட்டம் எங்கள் மைதானத்தில். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். கடைசி நேரத்தில் பந்து எபி கையில். பஷீருக்குப் பதில் வந்தவன் வளையத்தடியில் நின்றான். அவனை மறித்து நான் நின்றேன். அப்போது இடது மூலையிலிருந்து "தோஸ்த்!" என்று கேட்டது. கத்தல் இல்லை, பக்கத்தில் நின்று சொன்னது போல இருந்தது. நான் என் ஆளை விட்டுவிட்டு மூலைக்கு ஓடினேன். எபி முகத்தைத் திருப்பாமல் பந்தை அங்கேதான் வீசினார். மூலையில் யாரும் இல்லை. ஆனால் இரண்டு உள்ளங்கைகளில் பந்து சிக்கும் சத்தம் பட்டென்று கேட்டது. அதற்குப் பிறகுதான் பந்து கீழே விழுந்து கோட்டைத் தாண்டி உருண்டது. விசில் ஊதினார்கள். கோப்பை எங்களுக்கு.

"மேட்ச வித்துட்டான்டா!" என்று டேனரிக் கூட்டம் கத்தியது. எனக்கும் குரல் கேட்டது என்று அங்கேயே சொன்னேன். "ஜெயிச்சவன் இன்னா வேணா சொல்லுவான்" என்று சிரித்தார்கள். எபி அன்றோடு பந்தைத் தொடவில்லை. சர்ச்சில்கூட அவர் பக்கத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்தவர்கள் உண்டு. பாவம், மனிதர் யாரையும் திருப்பிக் கேட்டதில்லை.

ஒரு தடவை என்னிடம் மட்டும் கேட்டார். "எனக்காக சொல்றியா, நெஜமாவே கேட்டுச்சா?"

"கேக்கலன்னா என் ஆள உட்டுட்டு நான் இன்னாத்துக்கு எபி ஓடறேன்?"

தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப சரி. பந்து போய்ச் சேந்துடுச்சு" என்றார். அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

நெஞ்சு நோய் அவரை இவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகும் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில், பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவர் மனைவி சுகந்தி என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு நாளா பேச்சே இல்லண்ணா. நேத்து சாயங்காலம் கண்ண மூடிக்கினே, 'தோஸ்த்'னு கூப்ட்டாரு. ரெண்டு கையயும் நீட்டினாரு. குடுக்கற மாதிரி இல்லண்ணா, வாங்கற மாதிரி."

"அப்புறம்?"

"வாங்கி மார்ல வெச்சிக்கிட்டாரு. ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் நானும் இழுத்துப் பாத்தோம். கை பிரியல."

குனிந்து பார்த்தேன். விரல்கள் விரிந்து, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. நடுவில் ஒரு பந்து அளவுக்கு இடம் இருந்தது. அவரிடமிருந்து நான் நினைவாக வைத்துக்கொள்வது அந்தக் கைகளைத்தான். எபி ஆட்டத்தை விற்றார் என்று இனி எவனாவது சொல்லட்டும், அந்தக் கைகளைப் பற்றி அவனுக்குச் சொல்கிறேன்.