ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

அப்பா வைத்திக்குப்பத்திலிருந்து தனியாளாகக் கட்டுமரத்தில் மீன் பிடிக்கப் போவார். இருட்டோடு போனால் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார். அதுவரை அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. நான் நகருக்குள் சாரம் என்ற பகுதியில் வாடகை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். படித்த மகன் சும்மா இருப்பேனா? ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதினேன். பிளாஸ்டிக் உறையில் அப்பா கட்டிக்கொண்டு போகும் செல்போன் எங்கே இருக்கிறது என்று அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். பார்த்து, அம்மாவின் போனுக்கு மேப்பில் ஒரு புள்ளியாக அனுப்பும். நான் வேறு வேலையில் மூழ்கியிருந்தாலும் அது பாட்டுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

கடலில் அடிக்கடி சிக்னல் போய்விடும். ஒரு தடவை புள்ளி வராவிட்டாலும் அம்மா அலறியடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். தொல்லை தாங்காமல் ஒரு வரி சேர்த்தேன்: சிக்னல் இல்லாவிட்டால் கடைசியாகக் கிடைத்த இடத்தையே மறுபடி அனுப்பு. அதன்பிறகு அம்மா கூப்பிடவில்லை. பெரிய சாமர்த்தியசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று மணி ஒன்பதரை ஆகியும் அப்பா கரைக்கு வரவில்லை. அம்மா போன் செய்தாள்.

"புள்ளி ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்குதுடா."

"வலை போட்டுட்டு உக்காந்திருப்பாரும்மா."

"வலை போட்டா நீவாடு இழுக்காதா? மரம் எப்பிடிடா நகராம நிக்கும்?"

கடல் நீரோட்டத்தைத்தான் எங்கள் ஆட்கள் நீவாடு என்பார்கள். கரையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? இருந்தும், "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா, போய் வேலயப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். நான் எழுதிய வரியை நானே மறந்துபோயிருந்தேன்.

பதினொன்றரைக்குத்தான் உறைத்தது. ஸ்கிரிப்டின் பதிவைத் திறந்தேன். ஆறு நாற்பதுக்கே சிக்னல் நின்றிருந்தது. அதற்குப் பிறகு போனதெல்லாம் அந்தப் பழைய இடம்தான். குப்பத்துப் படகுகள் உடனே ஓடின. கவிழ்ந்த கட்டுமரம் கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை. என்னை நான் மன்னித்துக்கொள்ள ஒரு வழியும் தெரியவில்லை.

அந்த வரியை எடுத்துவிட்டேன். ஸ்கிரிப்டையே நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தேன், அம்மா விடவில்லை. இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் போனுக்கு உண்மை போகிறது: 'இடம் தெரியவில்லை.'

நேற்று குப்பத்து வீட்டுக்குப் போயிருந்தேன். விற்றுவிட்டு வந்த மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மா போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கே இப்பிடிச் சொல்லியிருந்தா, ஏழரைக்கெல்லாம் நாலு படகு தேடி ஓடியிருக்குமேடா."