கண்ணாடியின் உட்பக்கம்

இது நடந்தது. சுப்பீரியர் ஏரிக்கரையில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில். அந்த ஷெட் இன்னும் இருக்கிறது. அதன் பக்கவாட்டுக் கதவுக்கு நான் போட்ட பூட்டும் இருக்கிறது. கார்தான் இல்லை. எனக்குக் கதை கட்ட வராது, பேக்கரியில் மாவு பிசைகிறவள் நான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் சிரிக்காதீர்கள்.

கார் சிவப்பு. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடக்கும். அந்தக் கோடையில் இஷ்பெமிங் ஊரில் ஹில்யா என்ற கிழவியிடமிருந்து என் கணவன் ரெய்னோ அதை வாங்கி வந்தான். வந்த நாளிலிருந்து அதை 'அவள்' என்றுதான் சொன்னான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் படகையும் 'அவள்' என்பார்கள், மரம் அறுக்கும் இயந்திரத்தையும் 'அவள்' என்பார்கள்.

அக்டோபர் கடைசியில் அவளைக் குளிர்காலத்துக்குப் படுக்க வைத்தான். ரெய்னோவுக்குப் பனி தள்ளும் லாரியில் வேலை. குளிர்காலம் முழுக்க, பனி உருகச் சாலையில் உப்புத் தூவுகிறவன் அவன்தான். அதே உப்பு ஒரு துளி பட்டு அவள் துருப்பிடித்துவிடக்கூடாதே என்று பதறுகிறவனும் அவன்தான். கழுவினான், மெழுகு பூசினான். பெட்ரோல் டாங்கை நிரப்பி, அது கெடாமலிருக்க மருந்து ஊற்றினான். எலி நுழையாதபடி புகைக்குழாயில் இரும்பு நாரை அடைத்தான். இருக்கைக்கடியில் அந்துருண்டை வைத்தான். சக்கரங்கள் தரையில் படாமல் நான்கு இரும்பு முக்காலிகளில் அவளை ஏற்றினான். பேட்டரியைக் கழற்றி வீட்டு நிலவறை அலமாரியில் வைத்து சார்ஜரை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கடைசியாகப் பருத்திப் போர்வையை மேலே விரித்து, ஓரங்களை உள்ளே செருகினான்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் எனக்கு ஒரு நாளும் அவன் அப்படிப் போர்வை செருகியதில்லை.

அவனுடைய தங்கை லெம்பி வந்தால் கிண்டல்தான்.

"என்ன அண்ணி, உங்க சக்களத்தி தூங்கிட்டாளா?"

"ஏப்ரல் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாளாம்."

"அப்ப அஞ்சு மாசம் அண்ணன் உங்களுக்குத்தான். அனுபவிங்க!"

சிரித்தோம்.

நவம்பர் பாதியில் ஷெட்டின் பெரிய கதவு பனியில் புதைந்து போனது. இனி வசந்தம் வரை பக்கவாட்டுச் சின்னக் கதவுதான். அதற்கு ஒரு ஆள் போகிற அகலத்தில் ரெய்னோ பாதை வெட்டினான். வேலை முடிந்து வந்ததும், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அங்கே போக ஆரம்பித்தான்.

"சும்மா... எலி கிலி வந்திருக்கான்னு பார்த்துட்டு வரேன்."

எலி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. எங்கள் பக்கத்தில் எலி வராத ஷெட் கிடையாது. வைத்த பொறிகளில் தடவிய வேர்க்கடலை வெண்ணெய் அப்படியே காய்ந்து கிடந்தது. எங்கள் பூனை அந்தப் பாதை தொடங்கும் இடத்தோடு நின்றுவிடும்.

பிறகு பிளாஸ்க்கில் காப்பி எடுத்துப்போக ஆரம்பித்தான். ஒரு நாள் அவன் கையைப் பார்த்தேன். இரண்டு கோப்பைகள்.

"இன்னொண்ணு யாருக்கு?"

கையை அவனே அப்போதுதான் பார்த்ததுபோலப் பார்த்தான். "தெரியாம எடுத்துட்டேன்" என்றான். ஆனால் திருப்பி வைக்கவில்லை.

ஒரு பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பேய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெண் என்றுதான் தோன்றியது. உயிருள்ள பெண். ஊரில் யார் யார் தனியாக இருக்கிறார்கள், யாருடைய வீட்டுப் பாதையை அவனுடைய லாரி முதலில் சுத்தம் செய்கிறது என்று மாவு பிசையும்போதெல்லாம் கணக்குப் போட்டேன். வயிற்றுக்குள் அடுப்பு எரிவது போல இருக்கும். வெட்கமாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சூடு போனால் எனக்குள் வேறு என்ன இருக்கிறது என்றும் ஒரு பயம்.

ஒரு மதியம், அவன் வேலையில் இருந்தபோது, ஷெட்டுக்குப் போனேன். முந்தின நாள் மதியம் புதுப்பனி விழுந்திருந்தது. பாதையில் ஒரே ஆளின் காலடிகள். ரெய்னோவின் பெரிய பூட்ஸ். போனது, வந்தது. வேறு எதுவும் இல்லை.

உள்ளே போர்வை விலகியிருந்தது. வலப்பக்கம் மட்டும். பக்கத்து இருக்கைப் பக்கம் மட்டும்.

கண்ணாடியில் உறைபனி. விரலால் சுரண்டினேன். வரவில்லை. மறுபடி சுரண்டினேன். வழவழவென்று வெறும் கண்ணாடி.

பனி உட்பக்கம் இருந்தது.

எங்கள் ஊர்க் குழந்தைக்கும் இது தெரியும். வெளிப்பக்கம் உறைந்தால் அது வானத்துப் பனி. உட்பக்கம் உறைந்தால் உள்ளே யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

மறுபக்கப் போர்வையையும் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தேன். ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பளிங்கு மாதிரி தெளிவாக இருந்தது. அங்கேதான் ரெய்னோ தினமும் உட்காருகிறான். மூச்சு விடுகிறான். அங்கே ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் மட்டும் கனமான வெள்ளை.

கதவைத் திறந்தேன். இருக்கை காலி. சீட் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. காலடியில் ஒரு கோப்பை. விளிம்பு வரை காப்பி. யாரும் வாய் வைக்கவில்லை. கட்டியாக உறைந்திருந்தது.

அன்று மாலை நேராகக் கேட்டேன்.

"அந்த ஷெட்டுக்கு யாரு வர்றா?"

"யாரு வருவா, இந்தப் பனியில?"

"பொய் சொல்லாத, ரெய்னோ."

"சைமி... ஒரு கார் மேலயா உனக்குப் பொறாமை?"

சிரித்தான். நானும் சிரித்திருக்கலாம். அவன் கண் ஜன்னலைத் தாண்டி ஷெட்டுப் பக்கம் போனதைப் பார்க்காமலிருந்தால்.

அது ஜனவரி. சனிக்கிழமை. இரண்டு நாளாகப் புயல். ரெய்னோ விடிய விடிய லாரி ஓட்டிவிட்டு மதியம்தான் வந்தான்.

சனிக்கிழமை எங்களுக்கு சவுனா நாள். கொல்லையில் மரத்தாலான ஒரு சின்ன அறை, விறகு அடுப்பு, அதன் மேல் கற்கள். தண்ணீர் தெளித்தால் ஆவி எழும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சனிக்கிழமையும் நாங்கள் சேர்ந்து உட்காராமல் இருந்ததில்லை. சண்டை போட்ட சனிக்கிழமைகளிலும் உட்கார்ந்திருக்கிறோம். பேசாமல், பக்கத்தில் பக்கத்தில், வேர்த்து வழிந்தபடி. எழுந்து வரும்போது சண்டை பாதி கரைந்திருக்கும்.

நான்தான் அடுப்பு மூட்டினேன். "நீ போ, அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்றான்.

உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்தேன். கற்கள் சீறின. தலையை நனைத்துக்கொண்டேன்.

அவன் வரவில்லை.

மறுபடி தெளித்தேன். பக்கத்துப் பலகையைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

எழுந்து சின்ன ஜன்னலைத் துடைத்தேன். ஆறு மணி. வெளியே இருட்டிவிட்டது. புயலில் மின்சாரம் போயிருந்தது. வீடு இருட்டு. ஊரே இருட்டு.

ஷெட்டின் கதவிடுக்கில் மட்டும் வெளிச்சம். மஞ்சளாக...

அங்கியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் செருப்பை மாட்டி ஓடினேன். குளிர் தெரியவில்லை. என் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. பத்தடி போவதற்குள் ஈரத் தலைமுடி விறைத்தது.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டுப்... டுப்... டுப்...

என்ஜின்.

பேட்டரி இல்லாத காரின் என்ஜின்.

கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. புகைக்குழாயில் அடைத்த இரும்பு நார் துப்பியது போலச் சுவரோரம் கிடந்தது. முகப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. முக்காலிகளின் மேல், பின்சக்கரங்கள் மெல்ல, மிக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கோ போகிற மாதிரி.

ரெய்னோ ஓட்டுநர் இருக்கையில். ஜன்னல் இறங்கியிருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் ஒரு கனிவு. போர்வை செருகிய அன்று பார்த்த அதே கனிவு.

என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"கதவைச் சாத்து, சைமி. அவளுக்குக் குளிருது."

நனைந்த தலையோடு பனியில் நின்றவள் நான். குளிருவது அவளுக்காம்.

பயம் அந்த நொடியில் வரவில்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். வந்தது வேறு. பத்தொன்பது வருடமும் ஒரே கல்லாகத் திரண்டு நெஞ்சில் உட்கார்ந்தது. இருந்துகொள். அவளோடேயே இரு.

கை கதவைப் பிடித்திருந்தது. கை இழுத்தது. இடைவெளி குறைந்தது.

அப்போது வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்.

உட்பக்கம் முழுக்க வெள்ளை உறைபனி. அதன் நடுவில்... ஒரு வட்டம் விழுந்தது.

கீச்... கீச்...

உள்ளிருந்து யாரோ துடைக்கிறார்கள். வழியைப் பார்க்க நாம் துடைப்போமே, அப்படி.

வட்டம் பெரிதானது.

அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

ஆனால் அது என்னைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன். நான் கதவைச் சாத்துகிறேனா என்று பார்த்தது.

கதவை உதைத்துத் திறந்தேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். கார் கதவைத் திறந்து அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். கனத்தான். இன்னொரு பக்கமிருந்து பிடித்து இழுப்பதுபோல் கனத்தான்.

"என் புருஷன்" என்றேன். யாரிடம் சொன்னேன்?

இழுத்தேன்.

சட்டை கிழிந்தது.

வந்தான்.

அவன் குதிகால் வாசலைத் தாண்டியதும் என்ஜின் நின்றது. விளக்கு அணைந்தது. இருட்டில் கீச் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்...

அப்புறம் அதுவும் இல்லை.

அவனைச் சவுனாவின் வெளி அறையில் கிடத்தி, கன்னத்தில் அறைந்து, மூச்சு வரவைத்தேன். லெம்பியின் வீட்டுக்காரர் பனி வண்டியில் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். புகையை மூச்சில் வாங்கிவிட்டார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். ரெய்னோவுக்கு ஒன்றும் நினைவில்லை. சவுனாவுக்குத் துண்டு எடுத்தது வரைதான் தெரியும் என்றான்.

மறுநாள் காலை மின்சாரம் வந்தபின் நிலவறைக்கு இறங்கினேன். அலமாரியில் பேட்டரி இருந்தது. மேலே தூசி. பச்சை விளக்கு.

அன்றே இஷ்பெமிங்குக்கு போன் போட்டேன். கிழவி ஹில்யா எடுத்தாள். கார் வாங்கின ரெய்னோவின் மனைவி என்று மட்டும்தான் சொன்னேன்.

"உயிரோட இருக்காரா?" என்றாள்.

"இருக்காரு."

"நல்லதும்மா."

அவளே சொன்னாள். கார் அவளுடைய கணவன் ஒன்னியுடையது. ஒன்னியின் முதல் மனைவி வியெனோ. குளிர்காலம் தொடங்குமுன் காரை ஷெட்டில் விட, இருவருமாக அதை ஓட்டி வந்திருக்கிறார்கள். வழியில் புயல். கார் பனிக்குவியலில் சிக்கியது. "என்ஜின் ஓடட்டும், அப்பதான் உனக்குக் குளிராது. இதோ வந்துடறேன்" என்று அவளை உட்கார வைத்துவிட்டு அவன் உதவி தேடி நடந்தான். ஒரு வீட்டில் விளக்குத் தெரிந்தது. அங்கே ஒரு பெண் தனியாக இருந்தாள். உள்ளே கூப்பிட்டு, மரத்துப்போன கையைத் தேய்த்துவிட்டு, காப்பி கொடுத்தாள். இன்னொரு கோப்பையும் கொடுத்தாள். அவன் திரும்பிப் போனபோது புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருந்தது. உள்ளே புகை. வியெனோ கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்து வைத்து, அதில் முகம் பதித்தபடி இருந்தாள்.

"அந்த வீடு..." என்றேன்.

"என் வீடுதான். அடுத்த கோடையில எங்களுக்குக் கல்யாணம்."

போன் கம்பியில் புயல் இரைந்தது.

"கல்யாணமாகி நாலாம் வருஷம் பிப்ரவரியில ஒன்னி போயிட்டாரு. ஷெட்டுல, கார்ல. உங்க வீட்டுல பேட்டரி எங்க இருந்துச்சும்மா?"

"நிலவறையில. அலமாரியில."

"எங்க வீட்டுலயும் அங்கதான் இருந்துச்சு."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"அவரு... ஏதாச்சும் சொன்னாரா?"

"கதவைச் சாத்து, அவளுக்குக் குளிருதுன்னாரு."

கிழவியின் குரல் தாழ்ந்தது.

"நான் சாத்திட்டேம்மா."