தூங்காத ஆள்

எங்கள் குடித்தனத்தில் சாவியும் போனும் ஒரே கையில் இருந்ததில்லை. அவருக்குப் போச்சம்பள்ளியில் நைட் ஷிப்ட், எனக்கு ஓசூரில் பகல் ஷிப்ட். வீடு கிருஷ்ணகிரியில், இரண்டுக்கும் நடுவில். காலையில் ராயக்கோட்டை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய கம்பெனி பஸ் வந்து நிற்கும். இறங்கி வந்து போனை என் கையில் கொடுப்பார். நான் வீட்டுச் சாவியை அவர் கையில் வைப்பேன். பின்னாலேயே வரும் என் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். சாயங்காலம் இதே இடத்தில் நான் இறங்க, அவர் ஏற, போன் அவரிடம் போகும், சாவி என்னிடம் வரும். வாரத்தில் ஆறு நாள் எங்கள் கல்யாண வாழ்க்கை அந்த பஸ் நிறுத்தத்தில்தான் நடந்தது.

முன்பு இரண்டு போன் இருந்தது. அவருடையது ஒருநாள் ட்ராலிச் சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமாக நொறுங்கியது. வேறு வாங்கலாம் என்றேன். "வேலைக்குப் போறவங்களுக்குத்தான போன் வேணும்? வீட்ல தூங்குறவனுக்கு எதுக்கு?" என்றார். அந்த நேரத்துக்கு நியாயமாகத்தான் பட்டது. என் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே லாக்கரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். ஆக, பகலெல்லாம் ஓசூர் லாக்கரில் கிடக்கும், இரவெல்லாம் போச்சம்பள்ளியில் அவர் சட்டைப் பையில் கிடக்கும். அதற்கு ஓய்வே கிடையாது.

கொஞ்ச நாளில் அது எங்களைப் படிக்கத் தொடங்கியது. காலையில் நான் மேம்பாலத்தில் வந்து நிற்கும் நேரத்துக்கு அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். அங்கே அவர் பையில் போன் அதிரும்: "ஓசூருக்குக் கிளம்பும் நேரம். சாலையில் நெரிசல் இல்லை." சாயங்காலம் என் பஸ் மேம்பாலத்தை நெருங்கும்போது என் மடியில் அதிரும்: "போச்சம்பள்ளிக்குக் கிளம்பும் நேரம்." அவருக்குப் போகவேண்டியது எனக்கு வந்தது, எனக்கு வரவேண்டியது அவருக்குப் போனது. விடிகாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் அருப்புக்கோட்டை வானிலையைத் தானாகவே எடுத்துக் காட்டும். அதுதான் எங்கள் ஊர். பத்து வருஷமாக அங்கே ஒரு செண்டு நிலம் இல்லை, ஆனாலும் அங்கே மழை பெய்கிறதா என்று தெரியாமல் அவருக்கு நாள் விடியாது. நடுவில் ஒரு தடவை, "நீங்கள் போதுமான அளவு தூங்குவதில்லை" என்று அறிவுரை வேறு.

அதைப் படித்துவிட்டு அவர் பஸ் நிறுத்தத்தில் நின்று சிரித்தார். "இது நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிக்கிருச்சு. பகல்ல ஓசூரு, ராத்திரி போச்சம்பள்ளி. பாவம், தூங்காத ஆளு."

"ரெண்டு கம்பெனியிலயும் சம்பளம் வாங்குறான்ல, தூங்காம கெடக்கட்டும்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் சேர்ந்தான். எதையாவது தொலைத்தால் தூங்காத ஆளிடம் கேட்கச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று பேருக்கும் விடுமுறை. அவர் கறி வாங்கி வருவார், நான் குழம்பு வைப்பேன், சாப்பிட்டு இரண்டு பேரும் பகலெல்லாம் தூங்குவோம். தூங்கப் போகும் முன் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். "இன்னைக்கு லீவு. தூங்கு போ." அந்த ஒரு நாள் அதுவும் வாயைத் திறக்காது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எங்கும் போகமாட்டோம் என்பதையும் அது படித்து வைத்திருந்தது.

அவர் போனது ஒரு மார்கழிக் காலையில். பனியில் எதிரே வரும் லாரியின் விளக்குகூடத் தெரியவில்லை. பஸ் வந்து நின்றது. நைட் முடித்து வருகிறவர்கள் எல்லோரும் குல்லாவும் துண்டும் சுற்றிக்கொண்டு தூங்கி வழிந்துதான் வருவார்கள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவரோடு பக்கத்து சீட்டில் வரும் பையன் கதவருகில் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணி, அண்ணன் நல்லா தூங்கறாரு. நீங்களே வந்து எழுப்புங்க."

நான்தான் ஏறிப் போய் எழுப்பினேன். தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பஸ்ஸில் யாரோ கத்தினார்கள், யாரோ ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள். அந்தப் பையன் அழுதுகொண்டே அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் கையில் வைத்தான். சாவியை நீட்டியபடியே நின்றிருந்தேன், வாங்க ஆளில்லை. இரண்டும் என் கையில் இருந்தன. அப்போது போன் அதிர்ந்தது. "ஓசூருக்குக் கிளம்பும் நேரம். சாலையில் நெரிசல் இல்லை."

என் ஆத்திரம் அங்கே தொடங்கியது, இன்னும் அடங்கவில்லை. இரவு முழுக்க அவர் நெஞ்சுக்கு மேலேதான் கிடந்தது அந்தப் போன். நடுவில் ஒரு சட்டைத் துணிதான். ஓசூர் ரோட்டில் எத்தனை வண்டி போகிறது என்று அதற்குத் தெரியும், அருப்புக்கோட்டை வானத்தில் மேகம் உண்டா என்று தெரியும், தனக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது நின்றுபோனது தெரியாது. என் கம்பெனி லைனில் ஒரு மெஷின் இருக்கிறது. பேரிங் தேயப்போகிறது என்றால் அதன் அதிர்வை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடும், நாங்கள் நிறுத்திவிட்டு மாற்றிவிடுவோம். அந்த இரும்புக்குக் கிடைத்த கவனிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. மனுஷன் அடுத்து என்ன செய்வான் என்று போன் ஊகித்துச் சொல்வது நல்லதா கெட்டதா என்று பஸ்ஸில் படித்த பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். எதை ஊகிக்கிறது என்று பாருங்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

ஊருக்குக் கொண்டுபோய், பதினாறாம் நாள் காரியமும் முடித்தோம். அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். இருந்தால் வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து அழுவார்கள், எனக்கு அழ இடம் கிடைக்காது. கிளம்பி வந்துவிட்டேன்.

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் மேம்பாலத்தில் இறங்கினேன். பழக்கத்தில் கை போனை நீட்டிவிட்டது. எதிரே ஆளில்லை. நீட்டிய கையிலேயே அது அதிர்ந்தது. "போச்சம்பள்ளிக்குக் கிளம்பும் நேரம்." நிஜமாகவே பயந்தேன். பயம் போனதும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஊரில் எல்லோரும் அவரை எரித்து, கரைத்து, கணக்கை முடித்துவிட்டார்கள். இந்த ஒன்று மட்டும் அவர் வேலைக்குப் போவார் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் போனில்தான் இருந்தார். விடிகாலையில் தலையணைக்குப் பக்கத்தில் திரை தானாக வெளிச்சமாகி அருப்புக்கோட்டையில் மழை இல்லை என்று சொல்லும். சாயங்காலம் அவர் பஸ்ஸில் கேட்கும் பழைய பாட்டுகளை வரிசையாக எடுத்து முன்னால் வைக்கும். நான் சமையலறையில் இருப்பேன், முன்னறையில் போன் அதிரும், யாரோ செருப்பை விட்டு உள்ளே வந்ததுபோல இருக்கும். எட்டிப் பார்க்கமாட்டேன். பார்க்காத வரைக்கும் அவர் அங்கே இருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. முதலில் வானிலை, அப்புறம் பாட்டு. சாயங்காலம் வருவது ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. அவர் இரண்டாம் தடவை போகிறார் என்று எனக்குத் தோன்றியது. தெருமுனையில் மொபைல் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் நின்றேன். எங்கள் இருவரையும் தெரிந்தவர்.

"பாய், சாயங்காலம் ஒண்ணு வரும். இப்ப வரல."

"என்னாதுக்கா?"

"போச்சம்பள்ளிக்குக் கெளம்பச் சொல்லும்."

பாய் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதுக்கு ஆளெல்லாம் தெரியாதுக்கா. போன் எந்நேரத்துக்கு எங்க போவுது, என்னாத்த தொறக்கறாங்க, அவ்ளோதான். போய்கினு இருந்தா சொல்லும். போவலன்னா கொஞ்ச நாளு பாக்கும், அப்பால வுட்டுடும்."

"அவர மறந்துடுமா?"

"அவரத் தெரிஞ்சாத்தானக்கா மறக்கறதுக்கு. புதுசு வந்து பழச மூடிக்கும், அவ்ளோதான்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இதப் பாத்து மனசு கஷ்டமா இருந்தா மொத்தமா ஆஃப் பண்ணிடலாம்க்கா. வேவு பாக்குதுன்னு நெறைய பேரு ஆஃப் பண்ணிட்டுப் போறாங்க."

போனை பாய் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதில் ஒன்று மட்டும்தான் என் காதில் தங்கியது. போய்க்கொண்டிருந்தால் சொல்லும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு போச்சம்பள்ளி பஸ்ஸில் ஏறினேன். மற்ற நாளெல்லாம் நானே வேலையில் இருக்கிறேனே, எனக்குக் கிடைப்பது ஞாயிறுதான். மாந்தோப்புகள் வழியே பஸ் போகும்போது அவருடைய பாட்டுகளைப் போட்டுக் கேட்டேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்தபடி, ஞாயிறிலும் ஷிப்ட் இருந்து உள்ளே போகிற சிலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டையில் மழையா என்று தேடினேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்ததும். ஒரு தடவை கேட்டில் நின்ற செக்யூரிட்டி ரோட்டைத் தாண்டி வந்தார்.

"யாரம்மா பாக்கணும்? வாரா வாரம் வந்து நிக்கறீங்க."

"யாரையும் இல்லண்ணா. பஸ்ஸுக்கு நிக்கறேன்."

அவர் நம்பவில்லை. நானும் நம்பும்படி சொல்லவில்லை.

கறி எடுத்துக் குழம்பு வைத்து எத்தனையோ வாரமாகியிருந்தது. துவைக்காத துணி மூலையில் குவிந்தது. திங்கட்கிழமை லைனில் நின்றபடியே கண் சொக்கியது. ஒருநாள் கை தவறி ஒரு பெட்டி உதிரிபாகத்தைக் கீழே கொட்டினேன். சூப்பர்வைசர் மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டார். "ஏம்மா, தூங்காம எங்க சுத்தற? இப்டியே போனா மெஷின்ல கைய வுட்டுடுவ." கை போனால் போகட்டும் என்றுதான் அன்று நினைத்தேன். அவரைப் போகவிடக்கூடாது, எனக்கு அது ஒன்றுதான் வேலையாக இருந்தது.

அப்புறம் ஒரு ஞாயிறு. காய்ச்சல் அடிப்பதுபோல இருந்தது, பாயில் சுருண்டு கிடந்தேன். இன்றைக்கு முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். தலைமாட்டில் போன் அதிர்ந்தது.

"போச்சம்பள்ளிக்குக் கிளம்பும் நேரம். சாலையில் நெரிசல் இல்லை."

எத்தனை மாதமாயிற்று அதைப் பார்த்து. துள்ளி எழுந்தேன். திரும்பி வந்துவிட்டார், நான் அலைந்தது வீண்போகவில்லை. முகம் கழுவி, புடவை மாற்றி, ஒரு கையில் சாவியும் ஒரு கையில் போனுமாக வாசலுக்கு வந்தேன். கதவைப் பூட்டக் குனிந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து மத்தியானம் வைத்த கறிக்குழம்பைச் சூடு பண்ணும் வாசம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு நாளும் போச்சம்பள்ளிக்குப் போனதில்லை.

பூட்டில் சாவியை வைத்தபடியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிக்குப் போனது நான். போன் கிளம்பச் சொன்னது என்னைத்தான். அவர் இருந்தவரை அந்த ஒரு நாள் அது பேசாமல் இருந்தது, ஏனென்றால் அன்று நாங்கள் இருவரும் வீட்டில் தூங்கினோம். அவர் அதில் விட்டுப்போனதிலேயே எனக்கென்று இருந்தது அந்தப் பேசாத ஞாயிறு ஒன்றுதான். அதன் மேல் வாரா வாரம் ஏறி நடந்து, நானே அதை அழித்திருக்கிறேன். புதுசு வந்து பழசை மூடிக்கும் என்று பாய் சொன்னார். அந்தப் புதுசு நான்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஊரில் அழாத அழுகை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து என்னக்கா என்னக்கா என்றாள். சொன்னால் அவளுக்குப் புரியாது என்று நினைத்து, காய்ச்சல் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு கிண்ணம் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள் முழுக்கச் சாப்பிட்டேன்.

பிறகு உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். போன் மறுபடியும் அதிர்ந்தது, இன்னும் கிளம்பவில்லையா என்று கேட்பதுபோல. ஆஃப் பண்ணவில்லை. கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"இன்னைக்கு லீவு" என்றேன். "தூங்கு போ."

சாவியை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நானும் போய்ப் படுத்தேன்.