காரில் வரமாட்டேன் என்றேன்

கோவாவுக்குக் காரில் போவதா, விமானத்தில் போவதா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரமாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு நாலாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. அவள் கேட்டது கடல் ஒன்றைத்தான். எப்படிப் போனாலும் அவளுக்குச் சரி. இழுபறி எனக்கும் என் கணவருக்கும்தான்.

"கார்ல போனா நம்ம இஷ்டம். நெனச்ச எடத்துல நிறுத்தலாம், டீ குடிக்கலாம். இந்த சந்தாபுராவுல இருந்து ஏர்போர்ட் போய்ச் சேர்றதுக்குள்ள நான் கோவா ரோட்டுல சித்ரதுர்கா தாண்டியிருப்பேன்" என்பார் அவர்.

"மலைப்பாதைங்க. பாப்பாவுக்கு வாந்தி வரும். உங்களுக்கும் முதுகு வலி" என்பேன் நான்.

நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் அதெல்லாம் காரணமும் இல்லை. அவர் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் காரணம்.

வீட்டில் அவர் சாது. பாத்திரம் தேய்ப்பார், மகளுக்குத் தலை வாரிவிடுவார். ஆபீஸ் போனில் எதிராளி கத்தினாலும் இவர் குரல் உயராது. கார் சாவி கைக்கு வந்துவிட்டால் வேறு ஆள். ஓசூர் ரோட்டில் யாராவது குறுக்கே வந்தால் போதும், கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். கண்ணாடியை இறக்கித் தமிழில் திட்டுவார். அது புரியாதவனைக் கன்னடத்தில் திட்டுவார். ஒருமுறை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில், முந்திப்போன ஒரு டாக்ஸியைத் துரத்தி, பாலத்தின் சுவரோடு சேர்த்து நெருக்கினார். அந்த டிரைவருக்கு இருபது வயசு இருக்கும். முதலில் சிரித்தான். பிறகு அவன் முகத்திலிருந்து சிரிப்பு போனதை என் ஜன்னல் வழியாக, கை நீட்டினால் தொடும் தூரத்தில் பார்த்தேன். பின் சீட்டில் மகள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தக் கோபம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுமோ என்று தோன்றும். அதனால் மலைப்பாதையையும் முதுகு வலியையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பயணத்துக்கு ஒரு சூட்கேஸ் வாங்கலாம் என்று சிவாஜிநகர் போனோம். நீலத்தில் ஒரு சூட்கேஸும், மகளுக்கு வெயில் தொப்பியும் வாங்கினோம். அவள் தொப்பியைத் தலையிலிருந்து கழற்றவே இல்லை. திரும்பும்போது கறிக்கடைகள் இருக்கும் குறுகலான தெருவில் கார் மாட்டிக்கொண்டது. எதிரே ஒரு ஆட்டோ. இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். இவரும் போகவில்லை, அவரும் போகவில்லை. கடைசியில் ஆட்டோக்காரர் ஓரமாக நுழைந்து வெளியேறப் பார்த்தார். எங்கள் பக்கக் கண்ணாடி படாரென்று உடைந்து தொங்கியது.

இவர் கதவைத் திறந்தார்.

"வேணாங்க, கண்ணாடிதானே" என்று சட்டையைப் பிடித்தேன். துணி என் கையிலிருந்து நழுவியது.

"கண்ணு எங்கய்யா இருக்கு உனக்கு?"

"நான் எவ்ளோ நேரம் நிக்கறது சார்? சும்னே வழிய மறிச்சினு நின்னுட்டு, என்னக் கேக்கறியா?" என்றார் ஆட்டோக்காரர். நாற்பது வயசுக்காரர். கன்னடம் கலந்த பேச்சைக் கேட்டால் ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழர் போலிருந்தது. அவரும் இறங்குவதற்காக ஒரு காலை வெளியே வைத்தார். அந்தக் கால் தரையில் படும் முன்பே இவர் அறைந்துவிட்டார். சத்தம் எனக்குக் காருக்குள் கேட்டது. ஆட்டோக்காரர் பதிலுக்கு இவர் வயிற்றில் உதைத்தார். இவர் எங்கள் பானெட்டின் மேல் விழுந்தார். எழுந்தவர் அவரை நோக்கிப் போகவில்லை. காரின் பின்பக்கம் ஓடினார்.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. டிக்கியில் ஜாக்கி ராடு இருக்கிறது.

நானும் இறங்கி ஓடினேன். புது சூட்கேஸைத் தூக்கித் தெருவில் வீசிவிட்டு ராடை உருவிக்கொண்டிருந்தார். டிக்கியின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையால் அவரைத் தடுத்தேன். "ஏங்க, பாப்பா பாத்துட்டு இருக்கா!" என்று கத்தினேன். அவர் ராடோடு விலகி, மூடியை ஓங்கி அடித்துச் சாத்தினார்.

என் விரல்கள் உள்ளே இருந்தன.

மூடி எம்பித் திறந்தது. வலிக்கு முன்னால் வந்தது சத்தம். அது என்னுடைய சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நகத்துக்குக் கீழே பிளந்து ரத்தம் மணிக்கட்டு வரை வழிவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ராடைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார்.

முதல் அடியில் ஆட்டோவின் முன் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவது அடி அந்த மனிதரின் தோளில் விழுந்தது. அவர் "அம்மா!" என்று கத்தியபடி சரிந்தார். மூன்றாவது அடிக்குத் தெரு விடவில்லை. கறிக்கடையிலிருந்து இரண்டு பேர் பாய்ந்து ராடைப் பிடுங்கினார்கள். அதன்பின் யார் அடித்தார்கள், எத்தனை பேர் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கால்களும் கைகளும்தான் தெரிந்தன. நடுவில் என் கணவரின் வெள்ளைச் சட்டை சிவந்துகொண்டே வந்தது. யாரோ கன்னடத்தில் "பிட்ரோ, பிட்ரோ, சத்தோக்தானே" என்றார். விடுங்கடா, செத்துவிடுவான் என்று. யாரும் விடவில்லை.

நான் கூட்டத்துக்குள் புகுந்து, "விடுங்க, விடுங்க!" என்று கண்ட முதுகையெல்லாம் ஒற்றைக் கையால் இழுத்தேன். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உங் கைய ஒடச்சவனுக்கா கத்துற நீ?" என்றார். நான் அடுத்த முதுகை இழுத்தேன்.

பர்தா அணிந்த ஒரு பெண் மகளைக் காரிலிருந்து இறக்கி, அவள் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தார். மீன் கடையிலிருந்து யாரோ ஐஸ் கொண்டுவந்து என் கையை அதற்குள் புதைத்தார்கள். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு வந்தபிறகுதான் கூட்டம் கலைந்தது. ஸ்டேஷனுக்கு வருகிறீர்களா, இங்கேயே முடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஆட்டோக்காரர் தோளைப் பிடித்தபடி, கண்ணாடிக்கு ஆவதைக் கொடுத்தால் போதும் என்றார். இவர் கொடுத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காரை என் கணவர்தான் ஓட்டினார். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது, உதடு கிழிந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். மடிவாளா வந்தபோது ஒரு பைக் எங்கள் முன்னால் வளைந்து போனது. அவர் கை ஹாரனில் விழுந்தது, எடுக்கவே இல்லை. இன்னொரு கை கண்ணாடியை இறக்கியது.

"வண்டிய நிறுத்து" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை ஒருமையில் பேசியதில்லை. அவர் நிறுத்தினார். மகளை இறக்கினேன். தொப்பி காரிலேயே கிடந்தது, அவளும் கேட்கவில்லை.

அங்கேயே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு விரல்களில் எலும்பு முறிவு, ஒன்றில் நகம் போய்விட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு சில்க் போர்டில் மெட்ரோ ஏறி பொம்மசந்திராவில் இறங்கினோம். அங்கிருந்து வீட்டுக்கு ஆட்டோ. ஏறியதிலிருந்து மகள் டிரைவரின் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் காதில் கேட்டாள்.

"இந்த அங்கிளையும் அப்பா அடிப்பாராம்மா?"

நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். கட்டுப்போட்ட கை அவள் தோளில் இடித்தது. அப்போது வந்த வலி அதுவரை வந்ததையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது.

வீட்டில் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மகளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

"சரி, பிளைட்லயே போலாம்" என்றார் என் கையைப் பார்த்து.

"நான் பிளைட்னு சொன்னது வசதிக்காக இல்ல. உங்களுக்குப் பயந்து."

"உன்ன நான் என்னைக்காவது அடிச்சிருக்கேனா?"

கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது தெரியாம பட்டது."

"பட்டது தெரியாமதான். திரும்பிப் பாத்துட்டும் போனீங்களே, அது?"

அவர் எழுந்தார். டீப்பாயைக் காலால் ஒரு உதை உதைத்தார். அதன் கண்ணாடி மூன்றாக உடைந்தது. உள்ளே மகள் அழ ஆரம்பித்தாள். உடைந்த கண்ணாடியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்த அவர் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் சமாதானம் சொல்லவில்லை. இடது கையால் போனில் டிக்கெட் போட்டேன். இரண்டு பேருக்கு மட்டும்.

கோவாவில் மகள் முதல் நாள் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. அலை வந்து அடிக்கிறது என்றாள். மறுநாள் முழங்கால் வரை போனாள். மூன்றாம் நாள் வெளியே வர மறுத்தாள். நான் கட்டுப்போட்ட கையைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு அவளோடு நின்றேன். அவர் தினமும் போன் செய்தார். கோபத்துக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரைக் கோரமங்களாவில் பார்த்ததாகவும், இனி வாராவாரம் போகப்போவதாகவும் சொன்னார். "போங்க" என்றேன்.

திரும்பிய அன்று அவர் ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். காரைக் கொண்டுவரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். கண்ணைச் சுற்றி இருந்த கறுப்பு மஞ்சளாக மாறியிருந்தது. மகள் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடலைப் பற்றி நிறுத்தாமல் சொன்னாள். மூன்று பேரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் டிராலியை அவர் குதிகாலில் இடித்துவிட்டார். பலமான இடி. சதை கிழிந்து ரத்தம் வந்தது.

அவர் சட்டென்று திரும்பினார். அந்த நொடியில் மகள் அவர் கையை உதறிவிட்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவர் அதைப் பார்த்தார். டிராலிக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் இடுப்புக்குப் பக்கத்தில் தெரிந்த மகளின் ஒரு கண்ணை.

"பரவால்ல சார்" என்றார்.

பஸ் வந்தது. ஜன்னல் ஓர சீட்டை மகளுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார். அவள் என் மடியில்தான் உட்கார்ந்தாள்.