மூலையும் ஒற்றை உதையும்

என் தம்பிக்குத் தோற்கத் தெரியாது. வெளிநாட்டு மாமா அனுப்பிய பழைய கேம் மெஷினில் பின்னேரங்களில் நாங்கள் சண்டை விளையாடுவோம். அவனுடைய ஆளை மூலைக்குத் தள்ளித் தாழ் உதை ஒன்றையே விடாமல் கொடுத்தால் எழும்பவே முடியாது. உதைக்கு ஒரு பட்டன் போதும். எனக்கும் ஒரு கைதான். மற்றதைச் சண்டைக் காலத்தில் விழுந்த ஷெல் குண்டு கொண்டுபோனது.

நான் கள்ளம் செய்து அளாப்பி விளையாடுவதாக அவன் கத்துகிற கத்தில் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார். தலை பின்னுவதற்குக்கூட அம்மாவை எதிர்பார்த்து இருக்கிற எனக்கு முன்னால், அந்தப் பின்னேரங்களில் மட்டும் ஒருவன் தவித்தான். எனக்கு அது பிடித்திருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு அவன் கணினி படித்தான். தானே ஒரு சண்டை விளையாட்டுச் செய்யப்போவதாகச் சொன்னான். அடிகளைத் தடுத்துக்கொண்டே நிற்பவனைக் கண்டு எரிச்சல்பட்ட யாரோதான் அடுத்த விளையாட்டில் தடுப்பை உடைக்கும் பிடியை வைத்தாராம். பிடியில் மாட்டி எரிச்சல்பட்டவர் அதற்கடுத்ததில் உதறித் தப்ப வழி வைத்தாராம். புது விதி எல்லாமே யாரோ ஒருவரின் பழைய வயிற்றெரிச்சல் என்றான். அவனுடைய வயிற்றெரிச்சல் நான்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாரி மழை விடாமல் பெய்த ஒரு நாள், செய்து முடித்த விளையாட்டை என் போனில் போட்டுத் தந்தான். தன் போனோடு எதிரே உட்கார்ந்தான். வழக்கம்போல மூலைக்குத் தள்ளி உதைத்தேன். ஒரே உதையைத் திரும்பக் கொடுக்கக் கொடுக்க அதன் பலம் குறைந்தது. அவன் தப்பி வந்து என்னை மூலைக்குத் தள்ளினான். தப்புவதற்குத் திரையின் இரண்டு ஓரத்துப் பட்டன்களையும் ஒன்றாக அழுத்த வேண்டும். போனை மடியில் வைத்து ஒற்றைக் கையால் இரண்டையும் எட்ட முயன்றேன். எட்டவில்லை. தோற்றேன்.

வீட்டில் என் கையைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. எனக்கு நோகக்கூடாதென்று தொடங்கிய வழக்கம். கதைக்காமலே வளர்ந்தவனுக்கு அது மறந்தே போய்விட்டது.

"எப்பிடி அக்கா? இனி ஒருத்தரும் மூலையிலை மாட்டுப்பட்டுக் கிடக்கத் தேவையில்லை," என்றான். முகமெல்லாம் சந்தோசம்.

"நல்லாயிருக்கு," என்றேன்.

உண்மையைச் சொன்னால் அழுவான். பிறகு கிணற்றடியில் நான் அழுதேன்.

இப்போது அவனுக்கு வவுனியாவில் வேலை. பின்னேரங்களில் பழைய மெஷினை எடுத்து அதனோடு விளையாடுகிறேன். மூலைக்குத் தள்ளி உதைக்கிறேன். அது தோற்கிறது. நான் அளாப்புகிறேன் என்று அது ஒரு நாளும் கத்துவதில்லை.